ப்ளூ ஜேஸ் மேட்சுக்கு டிக்கெட் எடுக்கும் முன்: எந்தப் பக்கம் உட்காருவது?

டொராண்டோவுக்குப் புதிதாக வந்து, பிள்ளைகளோடு முதல் பேஸ்பால் மேட்சுக்குக் கிளம்புகிறவர்களுக்கு இது. விலையை மட்டும் பார்த்து டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். நம்ம டீம் எந்தப் பக்கம் உட்காருகிறது என்று முதலில் பாருங்கள்.

நம்ம டீம் ப்ளூ ஜேஸின் சொந்த மைதானமான ரோஜர்ஸ் சென்டரில் அவர்களின் டக்அவுட், அதாவது ஆட்டக்காரர்கள் உட்காரும் கூரை போட்ட இடம், மூன்றாம் பேஸ் பக்கம். பேட்டர் ஓடித் தொட வேண்டிய இடங்கள்தான் பேஸ். பேட்டருக்குப் பின்னாலிருந்து மைதானத்தைப் பார்த்தால் மூன்றாம் பேஸ் இடது கைப்பக்கம், முதல் பேஸ் வலது. "உள்ளூர் டீம் எப்பவும் முதல் பேஸ்தான்" என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். நிறைய ஊர்களில் அப்படித்தான். பாஸ்டனும் நியூயார்க்கின் இரண்டு டீம்களும் முதல் பேஸ். ஆனால் சிகாகோவில் இரண்டுமே மூன்றாம் பேஸ். இங்கிருந்து காரிலேயே போய்வரக்கூடிய டெட்ராய்ட், கிளீவ்லாந்து, பிட்ஸ்பர்க்கும் அப்படியே. விதிப்புத்தகம் கேட்பதெல்லாம் இரண்டு டீமுக்கும் பெஞ்ச், பேஸ் கோட்டிலிருந்து குறைந்தது 25 அடி தூரம், மேலே கூரை, பின்னாலும் இரு ஓரமும் அடைப்பு. எந்தப் பக்கம் என்பது உள்ளூர் டீமின் இஷ்டம். தங்கள் ஊரில் மூன்றாம் பேஸில் உட்காருகிற லாஸ் ஏஞ்சலஸ் டீம் டாட்ஜர்ஸ், 2025 உலகத் தொடருக்கு (சீசனின் இறுதிப் போட்டிக்கு) இங்கே வந்தபோது முதல் பேஸ் பக்கம்தான் உட்கார்ந்தார்கள்.

சரி, ஜேஸ் டக்அவுட்டுக்கு மேலே உட்கார்ந்தால் என்ன கிடைக்கும்? பந்து கிடைக்கலாம். ஒவ்வொரு இன்னிங்ஸின் முதல் பாதியிலும் ஜேஸ்தான் ஃபீல்டிங். மூன்று அவுட் ஆனால் அந்தப் பாதி முடியும்; மூன்றாவது அவுட் பல நேரம் முதல் பேஸில் விழும். அப்போது பந்து, முதல் பேஸில் நிற்கும் ஜேஸ் ஆட்டக்காரர் விளாதிமிர் குரேரோ ஜூனியர் கையில் இருக்கும். மைதானத்தைக் குறுக்கே கடந்து டக்அவுட்டுக்கு வரும்போது, அப்படிப் பந்து வைத்திருக்கிறவர் அதைக் கூட்டத்துக்குள் போடுவது வழக்கம். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் பெரும்பாலும் போடுவார்கள். கையுறையோடு முன்னால் நிற்கச் சொல்லுங்கள்.

ஒரு குறை: டக்அவுட் கூரைக்கு மேலே உட்கார்ந்தால் டக்அவுட்டுக்குள் நடப்பது எதுவும் தெரியாது. ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தவரைக் கட்டிப்பிடித்துக் கூத்தடிப்பதெல்லாம் எதிர்ப்பக்கத்திலிருந்துதான் தெரியும். குரேரோ ஃபீல்டிங் செய்வதைக் கிட்டத்தில் பார்க்கவும் முதல் பேஸ் பக்கமே நல்லது.

அப்புறம் வெயில். கோடையில் மைதானத்தின் கூரையைத் திறந்துவிட்டால் முதல் பேஸ் பக்கத்துக்காரர்களுக்குச் சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடிக்கும். மூன்றாம் பேஸ் மேற்கே இருப்பதால் அது முதுகுக்குப் பின்னால் போய்விடும்; எதிரே சி.என். டவரும் தெரியும். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இந்தப் பக்கத்தைத்தான் சொல்வேன்.

2018 முதல் எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் டக்அவுட்டின் கடைசிவரையாவது, பார்ப்பவர்கள் மேல் பந்து படாமல் தடுக்கும் வலை உண்டு. வலைக்கு அப்பால் கீழ்வரிசையில் இடம் கிடைத்தால், பந்து வீசும்போது போனை உள்ளே வையுங்கள். ஃபவுல் பந்து, அதாவது கோட்டுக்கு வெளியே பறக்கும் அடி, சொல்லிக்கொண்டு வராது.

கையைக் கடிக்காமல் பார்க்க நினைத்தால் 500 என்று எண்ணிட்ட மேல்தளம் போதும். பந்து பிடிக்கும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள்.