பாராநியோபிளாஸ்டிக்: ‘புற்றயல்’ சரிவருமா?

வணக்கம். புற்றுக்கட்டி ஓரிடத்தில் இருக்க, அது பரவாமலே உடலில் வேறிடத்தில் ஏற்படுத்தும் பாதிப்பை ‘பாராநியோபிளாஸ்டிக்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக நீங்கள் முன்வைத்தவற்றுக்கு என் பதில்கள் கீழே.

> பாராதைராய்டை இணைத்தைராய்டு என்கிறோம். அதேபோல ‘இணைப்புற்று’ போதுமே?

போதாது என்றே நினைக்கிறேன். பாராதைராய்டு சுரப்பிகள் தைராய்டோடு ஒட்டியே இருக்கின்றன, அதனால் ‘இணை’ பொருந்துகிறது. இங்கே நடப்பது வேறு. ஒருவருக்கு நுரையீரலில் சிறுசெல் புற்று, வேறெங்கும் பரவவில்லை. ஆனால் தொடையில் வலுவில்லாமல் நாற்காலியை விட்டு எழவே திணறுகிறார், வாய் உலர்ந்துபோகிறது. புற்றுச் செல்லில் உள்ள கால்சியம் வாயில்களைத் தாக்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி), நரம்பு முனைகளிலும் அதே வாயில்கள் இருப்பதால் அவற்றையும் தாக்கிவிடுகிறது. லாம்பர்ட்-ஈட்டன் நோய் என்று சொல்வது இதைத்தான்.

தவிர, கொரோனா காலத்திலிருந்து ‘இணைநோய்’ என்றாலே சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று ஊருக்கே பழகிவிட்டது. ‘இணைப்புற்று’ என்றால் இன்னொரு புற்றுநோயும் இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். வேகமாகப் படித்தால் ‘இணைப்பு உற்று’ என்றும் பிரியும்.

> ‘தொலைவிளைவு’?

கருத்து சரி, புற்று ஓரிடம், பாதிப்பு வேறிடம். ஆனால் சிகிச்சை முடிந்து பல வருடம் கழித்து வரும் பின்விளைவு என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாம். அதைவிட எனக்குப் பெரிய கவலை, ‘தொலைவு’ என்றதும் வீட்டார் ‘பரவிவிட்டது’ என்று எடுத்துக்கொள்வார்கள். நிலைமை பல நேரம் நேர்மாறானது. கட்டி சிறிதாக இருக்கும்போதே, அதைக் கண்டுபிடிப்பதற்குச் சில மாதங்கள் முன்னாலேயே இந்த அறிகுறிகள் தலைகாட்டலாம். சினைப்பையில் டெரட்டோமா என்ற கட்டி உள்ள இளம்பெண்ணுக்குக் குழப்பம், பிரமை, வலிப்பு எல்லாம் வந்து, மனநோய் என்றே முதலில் மருத்துவம் பார்ப்பதுண்டு. 2007-இல் இதன் பின்னணியில் மூளைச் செல்களில் உள்ள என்எம்டிஏ ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பது தெரிந்தது. கட்டியை எடுத்து, நோயெதிர்ப்பையும் அடக்கினால் பெரும்பாலோர் நன்றாகத் தேறுகிறார்கள். அவரிடம் போய்ப் பரவல் என்று பொருள்படும் சொல்லைச் சொல்வது கொடுமை.

> ‘புற்றுத் தன்னெதிர்ப்பு’?

எல்லாமே எதிர்ப்பொருளின் வேலை அல்லவே. கட்டியே ஹார்மோனைச் சுரந்து ரத்தத்தில் சோடியத்தைக் குறைப்பதும், கால்சியத்தை ஏற்றுவதும் உண்டு. அவையும் இந்தச் சொல்லுக்குள் வரவேண்டும்.

என் முன்மொழிவு: புற்றயல் (புற்று + அயல்). புற்றயல் விளைவு, புற்றயல் மூளையழற்சி, புற்றயல் சிறுமூளைச் சிதைவு என்று தடையில்லாமல் கூடுகிறது. ‘அயல்’ என்றால் சம்பந்தமில்லாதது என்றும் கொள்ளலாமே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அயல்வீடு என்கிறோம், அது பக்கத்து வீடுதான். பொருளை இழுத்துப் பிடிக்க முன்னால் ‘புற்று’ இருக்கிறது.

சொல் சுருக்கமாக இருக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், இது பாடநூலோடு நிற்காது, நோயாளியின் குறிப்பேட்டிலும் ஏறவேண்டும். லாம்பர்ட்-ஈட்டன் உள்ளவருக்கு அறுவையின்போது தசைத்தளர்த்தி மருந்தை வழக்கமான அளவில் கொடுத்தால் நெடுநேரம் விடாது. மயக்க மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். சிகிச்சையிலும் இழுபறி உண்டு. நரம்பைக் காக்க ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்று என்று நோயெதிர்ப்பை அடக்குகிறோம். புற்றை அழிக்க இன்று கொடுக்கும் சோதனைமுனைத் தடுப்பிகளோ (checkpoint inhibitors) அதே எதிர்ப்பின் கடிவாளத்தை அவிழ்த்துவிடுகின்றன. நரம்புப் பாதிப்பு மோசமாகலாம். புற்றியலாரும் நரம்பியலாரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டிய இடம் இது.

சிண்ட்ரோமுக்கு ‘நோய்க்குறித்தொகுப்பு’, ‘கூட்டறிகுறி’ எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

அப்புறம் ஒரு வரையறை. புற்று எலும்புக்குப் பரவி, அதை அரித்து, அதனால் கால்சியம் ஏறினால் அது பரவலின் விளைவு. கட்டி சுரக்கும் ஹார்மோனாலோ ஹார்மோன் போன்ற புரதத்தாலோ ஏறினால் மட்டுமே ‘புற்றயல் கால்சிய மிகை’ என்று எழுதலாம். இதில் யாருக்காவது மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்