பழைய கோல்ஃப் கார்ட் அடியில துரு, வாட்டர் சர்வீஸ் விடலாமா? உதவி ப்ளீஸ்

ஈசிஆர்_சேகர்:
வணக்கம் மக்களே. கோவளம் பக்கம் ஒரு சின்ன ரிசார்ட்ல மெயின்டனன்ஸ் பாக்குறேன். கெஸ்ட்டுங்கள கேட்ல இருந்து ரூமுக்கு கூட்டிட்டு போற பழைய கரண்ட் கார்ட் ஒண்ணு இருக்கு, 36 வோல்ட், 6 வோல்ட் பேட்டரி ஆறு. கடல் 200 மீட்டர்கூட இருக்காது. நேத்து ஜாக் போட்டு கீழ படுத்து பாத்தா பேட்டரி ட்ரேக்கு அடியில துரு அப்பளம் மாதிரி பொரிஞ்சு நிக்குது, ஸ்க்ரூடிரைவர் வெச்சு லேசா குத்துனேன், ஒரு எடத்துல சொத்துன்னு உள்ள போயிடுச்சு. முன்பக்கம் எல்லாம் மேலாப்புல செவப்பு, அவ்ளோதான். வாட்டர் சர்வீஸ்ல பிரஷர்ல அடிச்சு கருப்பு அண்டர்கோட் அடிச்சா போதும்ங்கிறாரு ஓனர். செய்யலாமா?

லாரிவீட்டுப்பையன்:
ப்ரோ பழைய எஞ்சின் ஆயில டீசல்ல கலந்து ஸ்பிரே பண்ணிடுங்க. எங்கப்பா லாரிக்கு வருஷாவருஷம் அதான்.

பட்டறை_மணி:
தம்பி லாரி கத வேற. இதுல ரப்பர் புஷ் ஊதிப்போயிரும், பீச் மணல் வேற அப்பிக்கும், அந்த எண்ணெய் சொட்டி ரிசார்ட் தரையெல்லாம் கறையாகும்.

சேகர், நீங்க சொல்றதுலயே பதில் இருக்கு. உப்புக்காத்து மட்டும்னா முன்பக்கமும் இதே மாதிரி பொரிஞ்சிருக்கணும், ட்ரேக்கு கீழ மட்டும் ஓட்டை விழுதுன்னா அது பேட்டரி ஆசிட். அதுமேல எந்த கோட் அடிச்சாலும் உள்ளுக்குள்ள தின்னுக்கிட்டேதான் இருக்கும், வெளிய பாத்தா கருப்பா பளபளன்னு இருக்கும், ஒருநாள் பேட்டரியோட ட்ரே கீழ உக்காந்துரும்.

மொதல்ல சாவி ஆஃப், சீட்டுக்கு அடியில டோ/ரன் சுவிட்ச் (வண்டிய கட்டி இழுக்கவா, ஓட்டவான்னு மாத்துறது) இருந்தா டோ-ல வைங்க, மெயின் நெகட்டிவ் கழட்டுங்க. மோதிரம் வாட்ச் கழட்டிட்டுதான் ஸ்பேனர எடுக்கணும். ஒயர் கனெக்‌ஷன போட்டோ எடுத்துட்டு ஆறையும் எறக்குங்க, ஒண்ணு 28 கிலோ பக்கம் வரும், ரெண்டு பேர் வேணும். அப்புறம் ஒரு பக்கெட் தண்ணில ஆப்பசோடா ஒரு கப் கரைச்சு ட்ரே மேல ஊத்துங்க. ஆசிட் இருந்தா கோலி சோடா மாதிரி பொங்கும். பொங்குறது நிக்கிற வரைக்கும் ஊத்தணும், பிரஷ் போட்டு தேய்க்கணும். பேட்டரி மேல தொடைக்கிறப்ப மூடி டைட்டா இருக்கட்டும், சோடா ஒரு சொட்டுகூட செல்லுக்குள்ள போகக்கூடாது.

ஈசிஆர்_சேகர்:
அண்ணே அப்ப பிரஷர் வாஷ்?

பட்டறை_மணி:
வேணாம். மோட்டார், ஸ்பீட கட்டுப்படுத்துற கன்ட்ரோலர், மோட்டாருக்கு கரண்ட் விடுற சுவிட்ச் மாதிரியான சொலினாய்டு, இதுல எல்லாம் தண்ணி போச்சுன்னா துருவ விட பெரிய செலவு. தோட்டத்து ஹோஸ் போதும். ஒருநாள் முழுக்க காய விட்டு, கம்பி பிரஷ், உப்புத்தாள் போட்டு உதிர்றத எல்லாம் உதிர்த்துட்டு, மிச்ச துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவ கெட்டி படலமா மாத்துற மருந்து), ட்ரேக்கு எபாக்ஸி பிரைமர், அதுமேல எபாக்ஸி பெயின்ட். தாரு மாதிரி இருக்குற அண்டர்கோட் மத்த சேஸிஸுக்கு அடிங்க, ஆனா தண்ணி வடியிற ஓட்டை எதையும் அடைச்சுடாதீங்க. பிரேக், மோட்டார் மேல படக்கூடாது. ஓட்டை விழுந்த எடத்துல பெயின்ட் வேலைக்காகாது, வெட்டி புது தகடு வெல்டிங் வைக்கணும், கன்ட்ரோலர் ஒயரையும் கழட்டிட்டு. பேட்டரி பக்கத்துல இருக்கவே கூடாது, சார்ஜ் ஆகும்போது வர்ற ஹைட்ரஜனுக்கு ஒரு பொறி போதும்.

காந்தம்:
ஒரு காந்தம் வெச்சு பாத்துக்கோங்க சார். கிளப் கார் மாதிரி சிலதுல ஃபிரேம் அலுமினியம், ஒட்டாது. அதுல இரும்பு போல்ட் சேர்ற எடத்துலதான் அலுமினியம் அரிச்சு வெள்ளையா பூக்கும்.

ஈசிஆர்_சேகர்:
காந்தம் டக்குனு ஒட்டுச்சு, இரும்புதான். சோடா ஊத்துனேன், நாலு பக்கெட் போச்சுண்ணே, நாலாவதுலதான் பொங்குறது நின்னுச்சு. ஒரு சந்தேகம், இவ்ளோ ஆசிட் எங்கருந்து வந்துச்சு? பேட்டரி எதுவும் ஒடையல.

பட்டறை_மணி:
பேட்டரிக்குள்ள தண்ணி யாரு ஊத்துறா, எப்ப ஊத்துறா?

ஈசிஆர்_சேகர்:
வாட்ச்மேன் அண்ணன். சாயங்காலம் மூடி வரைக்கும் ஃபுல்லா ஊத்திட்டு சார்ஜ் போட்டுருவாரு.

பட்டறை_மணி:
அதான் வெவகாரம். சார்ஜ் ஏறுறப்ப உள்ள இருக்குறது பொங்கி மேல வரும், எடம் இல்லன்னா மூடி வழியா வழியும். சார்ஜ் முடிஞ்சப்புறம்தான் டிஸ்டில்ட் வாட்டர், அதுவும் கழுத்துக்கு கொஞ்சம் கீழ வரைக்கும். பிளேட் வெளிய தெரிஞ்சா மட்டும் சார்ஜுக்கு முன்னாடி அது முங்குற அளவு. டெர்மினல்ல வேஸ்லின் தடவிக்கோங்க.

ஈசிஆர்_சேகர்:
வெல்டரு நாளைக்கு வர்றாரு. ஓனர்கிட்ட தகடு காச வாங்கியாச்சு, டிஸ்டில்ட் வாட்டர் கேனை எடுத்து என் ரூம்ல வெச்சு பூட்டிட்டேன், வாட்ச்மேன் அண்ணன்தான் கொஞ்சம் மூஞ்ச தூக்கி வெச்சிருக்காரு.