புதுப்பிப்பு: ‘பனை’ ஒருவழியா நேராயிடுச்சு

போன மாசம் புலம்பியிருந்தேனே, கொழிஞ்சாம்பாறைப் பட்டறையில லினோ விரிப்பைச் செதுக்கி, மை தடவித் தாள்ல அச்செடுக்கிற வகுப்புல சேர்ந்து ‘பனை’ன்னு செதுக்கினா அச்சுல எழுத்து இடம்வலமா வருது, மையும் காய மாட்டேங்குதுன்னு.

எழுத்துக்கு வழி கிடைச்சது. டிரேசிங் தாள்ல பென்சிலால எழுதி, லினோ மேல குப்புறப் போட்டுத் தேய்ச்சேன். லினோவுல எழுத்து திரும்பி விழுந்துச்சு, அச்சுல நேரா வந்துச்சு. அவ்வளவுதான்.

லினோ வெட்ட வரலைன்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. அது ஆளிவிதை எண்ணெயும் தக்கைத்தூளும் சணல்துணி மேல படிஞ்ச சரக்கு, மழைக்குளிர்ல விறைச்சுக்கும். கொஞ்சம் சூடு காட்டுங்க, வெண்ணெய் மாதிரி வெட்டும். உளியை வெளிப்பக்கமாத் தள்ளுங்க, பிடிக்கிற கையை உளிக்குப் பின்னாலயே வைங்க. என் இடது கட்டைவிரல் சாட்சி.

மை காயாததுக்கு மழை ஈரத்தைத் திட்டினேன். பாதித் தப்பு என்னோடது, ரோலரால மையைக் கனமா உருட்டிட்டேன். மெல்லிசா உருட்டி, கொடியில கிளிப் போட்டதும் மூணாம் நாள் காஞ்சிருச்சு.

ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுத் திண்ணையிலேயே கண்காட்சி. பட்டறையில அச்சு இயந்திரத்துக்கு நீள வரிசைங்கிறதால, நான் கரண்டி முதுகால தேய்ச்சே 10 பிரதி எடுத்தேன். பக்கத்து வீட்டு அக்கா, “பத்துல எதுங்க ஒரிஜினல்?”னாங்க. பத்துமேதான்னு சொல்லி, பென்சில்ல போட்ட 1/10, 2/10 எல்லாம் காட்டினேன், பத்துல முதலாவது, ரெண்டாவதுன்னு அர்த்தம்.

“அப்ப பத்தாவதைக் குடுங்க, அதுதான் புதுசு.”