சூரியனுக்கு எந்த முகம் வரைவது?

குழு: பெரிய வீடு

அண்ணி: சித்தி, எகிப்தில் லக்சோர் ஊரைச் சுற்றுவதற்கு நடுவில் ஒரு உதவி. பாப்பா பள்ளியில் "உலகைப் படைத்த கடவுள்கள்" என்று கண்காட்சி. இவளுக்கு எகிப்து வந்திருக்கிறது. நெட்டில் தேடினால் ஒரு படத்தில் வல்லூறுத் தலை, ஒன்றில் வண்டு, ஒன்றில் ஆட்டுத் தலை, ஒன்றில் வெறும் வட்டம். எல்லாவற்றுக்கும் கீழே சூரியக் கடவுள் என்றுதான் போட்டிருக்கிறது. எதை வரைவது?

சித்தி: எதை வரைந்தாலும் தப்பில்லை. எல்லாம் ஒருவரேதான்.

அண்ணன்: டீச்சரிடம் இதைச் சொல்ல முடியாது சித்தி. ஒரு சார்ட்தான் கொடுத்திருக்கிறார்கள்.

சித்தி: [படம்] இதைப் பாருங்கள். நெஃபர்தாரி ராணியின் கல்லறையில் உள்ள ஓவியம். கடையில் வாங்கிய தபால் அட்டையைத்தான் படம் எடுத்தேன்.

அத்தை: ஐயோ, கழுத்துக்கு மேல் முகமே இல்லையே! வண்டை ஒட்டி வைத்தது போல இருக்கிறது.

சித்தி: ஆமாம் மதினி. இவர் பெயர் கெப்ரி. காலைச் சூரியன். உடம்பைப் பக்கவாட்டில் வரைந்துவிட்டு, வண்டை மட்டும் மேலிருந்து பார்ப்பது போல முழுதாக வரைந்திருக்கிறார்கள். கால்கள்கூட விரிந்து தெரிகின்றன பாருங்கள். மூக்கு, கண், வாய் எதுவும் கிடையாது. ஆனால் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

அத்தை: இது நம் சாணியுருட்டி வண்டுதானே? அதையா கும்பிட்டார்கள்?

சித்தி: அதேதான். அது உருண்டையைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தார்கள். சூரியனையும் யாரோ இப்படித்தான் வானத்தில் தள்ளுகிறார்கள் என்று நினைத்தார்கள். அப்புறம் உருண்டைக்குள் இருந்து குட்டி வண்டு வெளியே வரும். தாயும் இல்லாமல் தகப்பனும் இல்லாமல் தானே பிறந்தது போலத் தெரியும். தன்னைத் தானே படைத்துக்கொண்டவருக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் எங்கே கிடைக்கும்?

பெரியப்பா: நான் படித்த வரையில் படைத்தவர் பெயர் ஆத்தும். கெப்ரி இல்லை.

சித்தி: சரிதான் அத்தான். ஆதியில் வெறும் தண்ணீர். அதிலிருந்து ஒரு மேடு எழுகிறது, அதன்மேல் ஆத்தும் நிற்கிறார். ஷூ, தெஃப்னுத் என்று இரண்டு பேரைத் துப்பி உண்டாக்குகிறார். ஒருவர் காற்று, இன்னொருவர் ஈரம். துப்பாமல் வேறு விதமாக உண்டாக்கிய கதையும் இருக்கிறது. பாப்பா குழுவில் இருப்பதால் அது வேண்டாம்.

பெரியப்பா: அந்தக் கதை ஹீலியோபொலிஸ் ஊருடையது. இன்றைக்கு அது கெய்ரோவில் மத்தாரியா என்ற பகுதி. முதலாம் செனுஸ்ரெத் ராஜா நிறுத்திய ஒற்றைக் கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. 20 மீட்டருக்கு மேல் உயரம், சிவப்பு கிரானைட். ஏறத்தாழ 3,900 ஆண்டாகிறது. கோயில்தான் போய்விட்டது.

சித்தப்பா: இங்கே கொஷரி நன்றாக இருக்கிறது. சோறு, மக்ரோனி, பருப்பு, கொண்டைக்கடலை எல்லாம் ஒரே தட்டில்.

அத்தை: நீ சாப்பிடத்தான் போனாயா தம்பி?

அண்ணி: சரி, ஆத்தும் எப்படி இருப்பார்? அவரையே வரைந்துவிடலாமே.

சித்தி: மனித முகம்தான். தலையில் மேல் எகிப்து, கீழ் எகிப்து இரண்டுக்கும் சேர்த்த இரட்டைக் கிரீடம். தாடி. பக்கத்தில் பெயர் எழுதியிருக்காவிட்டால் ராஜாவா கடவுளா என்று சொல்வது கஷ்டம். நேற்று லக்சோர் அருங்காட்சியகத்தில் ஒரு சிலை பார்த்தோம். ஆத்தும் உட்கார்ந்திருக்கிறார், எதிரே ஹோரெம்ஹெப் ராஜா மண்டியிட்டு இரண்டு உருண்டைக் குடுவைகளை நீட்டுகிறார். 1989இல் லக்சோர் கோயில் முற்றத்தைத் தோண்டியபோது மற்ற சிலைகளோடு கிடைத்தது.

பாப்பா: அது போரடிக்கும் ஆச்சி. எனக்கு வண்டு வேண்டும். இல்லாவிட்டால் பூனை.

அண்ணன்: பூனை எங்கிருந்து வந்தது?

சித்தி: அவள் சரியாகத்தான் சொல்கிறாள். தெய்ர் எல்-மெதினா என்ற இடத்தில் இன்ஹெர்காவ் என்பவர் கல்லறையில் இருக்கிறது. ராஜாக்களுக்குக் கல்லறை தோண்டிய தொழிலாளர்களின் மேஸ்திரி அவர். சூரியன் பூனையாக வந்து, மரத்தடியில் அப்போஃபிஸ் என்ற பாம்பைக் கத்தியால் வெட்டுகிறார். காது முயல் காது மாதிரி நீளம். ஒரு கால் பாம்பின் தலைமேல்.

அத்தை: படைக்கிறவர் கையில் கத்தி எதற்கு?

சித்தி: ஒரு தடவை படைத்தால் போதாது மதினி. ஒவ்வொரு இரவும் படகில் ஏறி, கீழுலகில் 12 மணி நேரம் போகவேண்டும். வழியில் அந்தப் பாம்பு மறிக்கும். அதைத் தாண்டினால்தான் மறுநாள் விடியும். அதற்குத்தான் கத்தி.

பெரியப்பா: இதில் கை முளைத்த சூரியனை யாரும் சொல்லவில்லையே? அகெனாத்தன் என்ற ராஜா காலத்தது.

நான்: அதை நான் பெர்லின் அருங்காட்சியகப் படத்தில் பார்த்திருக்கிறேன் பெரியப்பா. வட்டத்திலிருந்து கதிர்கள் இறங்குகின்றன. ஒவ்வொரு கதிர் முனையிலும் ஒரு குட்டிக் கை. ராஜா, ராணி மூக்குக்கு நேரே மட்டும் அந்தக் கை உயிர்ச் சின்னத்தை நீட்டுகிறது.

அத்தை: ஜனங்களுக்கு?

நான்: ஜனங்களுக்கு வெளிச்சம் மட்டும். மூச்சு வேண்டுமென்றால் ராஜா வழியாகத்தான்.

பெரியப்பா: அதனால்தான் அவர் போனதும் பழைய சாமிகளெல்லாம் திரும்பி வந்துவிட்டார்கள். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் 17 வருடம் ஆண்டார், அவ்வளவுதான். வண்டு கிடையாது, வல்லூறு கிடையாது, கதை கிடையாது. வட்டத்தை வைத்துக்கொண்டு குழந்தைக்கு என்ன கதை சொல்வது?

சித்தி: நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குட்டிக் கைகள் எனக்குப் பிடிக்கும்.

சித்தப்பா: [படம்] கர்னாக் கோயில் குளக்கரையில் கல் வண்டு. மூன்றாம் அமன்ஹோத்தெப் ராஜா செய்து வைத்தது. சுற்றினால் நல்லது என்று வழிகாட்டி சொன்னார். உன் சித்தி சுற்றிக்கொண்டே இருக்கிறாள்.

அத்தை: இடமா வலமா?

சித்தப்பா: ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றி முட்டிக்கொள்கிறார்கள்.

அண்ணி: எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறீர்கள். இங்கே சார்ட் வெள்ளையாகவே இருக்கிறது.

சித்தி: பொறு, வழி இருக்கிறது. இந்த ஊர்ப் பாப்பிரஸ் சுவடி ஒன்றில் ஒரு கதை. சூரியக் கடவுள் ராவுக்கு வயதாகி வாயில் எச்சில் வழிகிறது. அந்த எச்சிலையும் மண்ணையும் பிசைந்து ஐசிஸ் என்ற தேவி ஒரு பாம்பு செய்கிறாள். அது அவரைக் கடிக்கிறது. ரகசியப் பெயரைச் சொன்னால் குணப்படுத்துவேன் என்கிறாள். அவர் மழுப்பிப் பார்க்கிறார்: காலையில் கெப்ரி, நடுப்பகலில் ரா, மாலையில் ஆத்தும். படம் வரைந்தவர்களும் அந்தக் கணக்கில்தான் வரைந்தார்கள். வண்டு விடியல், வல்லூறு உச்சி, மனித முகம் மாலை. இரவில் படகில் போகும்போது ஆட்டுத் தலை.

பாப்பா: நாலும் வரைய இடம் இல்லை!

சித்தி: வேண்டாம். [படம்] அரசர் பள்ளத்தாக்கில் மெர்நெப்தா ராஜாவின் கல்லறை வாசலுக்கு மேலே பார். ஒரே வட்டம். உள்ளே ஒரு வண்டு, பக்கத்திலேயே ஆட்டுத் தலை மனிதர். உதிக்கப்போகிறவரும் மறைந்தவரும் ஒரே சூரியனுக்குள். இரண்டு பக்கமும் ஐசிஸும் நெஃப்திஸ் என்ற தேவியும் மண்டியிட்டுக் கும்பிடுகிறார்கள். காம்பஸ் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

அண்ணன்: இது நடக்கும். கீழே ஆத்தும்-ரா-கெப்ரி என்று எழுதிவிடலாம்.

பெரியப்பா: ஆட்டுக் கொம்பைக் கீழே சுருட்டிவிடாதே பாப்பா. திருகின கொம்பு, தலைக்கு இரண்டு பக்கமும் நேராக நீளும். அந்த வகை ஆடு எகிப்தில் பிற்பாடு அற்றே போனது, ஆனால் படத்தில் கொம்பை மாற்றவே இல்லை.

பாப்பா: வட்டம் மஞ்சளா சிவப்பா?

சித்தி: சிவப்புதான் அதிகம். மஞ்சளும் உண்டு.

அண்ணி: மஞ்சள் போஸ்டர் கலர் காய்ந்துவிட்டது. சிவப்பே இருக்கட்டும்.