ஏலத் தளத்தில் வாட்ச் விற்கிறேன், வாங்குபவர் கிரிப்டோவில் பணம் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

அல்சூர் ஜனதா (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். அப்பா அவென்யூ ரோட்டில் வாட்ச் ரிப்பேர் செய்பவர். பழைய எச்.எம்.டி. வாட்ச்கள் கைக்கு வந்தால் வாங்கி, முழுசாகக் கழற்றிக் கழுவி, எண்ணெய் போட்டு, நேரம் தப்பாமல் ஓட வைத்துவிடுவார். படம் எடுப்பது, வெளிநாட்டு ஏலத் தளத்தில் போடுவது, பார்சல் அனுப்புவது எல்லாம் மகள் என் வேலை. எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016இல் மத்திய அரசு முடிவு செய்ததிலிருந்து ஜனதா, பைலட், கோஹினூர் மூன்று மாடலுக்கும் வெளிநாட்டில் நல்ல கிராக்கி. அதில்தான் எங்கள் வீட்டுச் செலவு ஓடுகிறது.

ஜெர்மனியில் ஒரு சேகரிப்பாளர் இருக்கிறார். ஏற்கெனவே எங்களிடம் வாங்கியவர், மரியாதையாகப் பேசுபவர். இப்போது ஐந்து வாட்ச் மொத்தமாக வேண்டும், 420 டாலர் தருகிறேன் என்கிறார். ஆனால் தளத்துக்கு வெளியே, யு.எஸ்.டி.டி. என்ற கிரிப்டோ நாணயத்தில், ட்ரான் என்ற கிரிப்டோ நெட்வொர்க் வழியாக. தளத்தின் கமிஷன் மிச்சமாகும், அதை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார்.

எனக்கு ஆசை வரக் காரணம் கமிஷன் இல்லை. சமீபத்தில் வேறொருவர் ஒரு கோஹினூர் வாங்கினார். அது டயல் மறுபெயின்ட் ஆன வாட்ச் என்று விவரத்தில் முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். லூப் (வாட்ச்காரரின் பூதக்கண்ணாடி) வைத்து எடுத்த படமும் போட்டேன். "பாரா ஷாக்", "17 ஜுவல்ஸ்" எழுத்துகளின் ஓரம் தடித்து, ஒவ்வொரு எஸ் எழுத்தின் வளைவிலும் மை தேங்கி நிற்பது வரை அதில் தெரியும். அப்படியும் அவர் "விவரத்தில் சொன்னபடி பொருள் இல்லை" என்று புகார் போட்டார். பணம் முடங்கியது. கடைசியில் பணம் அவருக்கே போனது. வாட்ச் எங்களுக்குத் திரும்பி வந்தபோது சாவி கொடுக்கும் திருகு உடைந்திருந்தது. அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

கிரிப்டோவில் கொடுத்த பணத்தை யாரும் திரும்ப இழுக்க முடியாது என்கிறார்கள். அது உண்மையா? இந்தியாவில் இருந்துகொண்டு இப்படி வாங்கினால் வரி எப்படி? நாளைக்கு யாராவது அதிகாரி கேட்டால் நான் எதைக் காட்டுவது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோரமங்களா டெவ்

அக்கா, தாராளமாக வாங்கலாம் என்பது என் கட்சி. 2021 மே மாதமே சோத்பீஸ் ஏல நிறுவனம் பேங்க்ஸியின் ஓவியம் ஒன்றுக்கு கிரிப்டோவில் பணம் ஏற்றது, கிரிப்டோ வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சான காயின்பேஸ் வழியாக. எல்லை தாண்டிப் பணம் அனுப்ப இதைவிட வேகமான வழி இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். பரிவர்த்தனைகளைப் பதியும் ஒரு தொகுப்பு, அதாவது பிளாக், ட்ரானில் சுமார் மூன்று விநாடி, பிட்காயினில் சுமார் பத்து நிமிடம். சின்ன வியாபாரிக்கு யு.எஸ்.டி.டி. வசதி, ஏனென்றால் அதன் விலை டாலரை ஒட்டியே நிற்கும்.

சில விஷயங்களைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். ட்ரான் முகவரி ஆங்கில டி எழுத்தில் தொடங்கும். எத்தீரியம் என்ற வேறொரு நெட்வொர்க்கின் முகவரி பூஜ்யம், எக்ஸ் என்று தொடங்கும். எந்த நெட்வொர்க் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளாமல் மாற்றி அனுப்பினால் பணம் நடுவழியில் மாட்டிக்கொள்ளும். அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை ஒருபோதும் நம்பாதீர்கள், ட்ரான் பரிவர்த்தனைகளைக் காட்டும் ட்ரான்ஸ்கேன் தளத்தில் நீங்களே பாருங்கள். யு.எஸ்.டி.டி. என்ற பெயரில் ட்ரானில் யார் வேண்டுமானாலும் ஒரு போலி டோக்கன் உருவாக்கலாம். வாலட்டில் (கிரிப்டோ வைத்திருக்கும் ஆப்பில்) பெயரும் எண்ணும் அசல் போலவே தெரியும், ஒரு பைசா பெறாது. அதனால் அந்த டோக்கனை அடையாளம் காட்டும் கான்ட்ராக்ட் முகவரியைச் சரிபாருங்கள். வந்ததை வேறு இடத்துக்கு அனுப்ப வாலட்டில் கட்டணத்துக்குக் கொஞ்சம் டி.ஆர்.எக்ஸ். (ட்ரானின் சொந்த நாணயம்) வேண்டும், அதுவும் நினைவிருக்கட்டும்.

சிவாஜிநகர் கேமரா

தம்பி சொன்ன எச்சரிக்கை ஒவ்வொன்றும் சரி. ஆனால் அவை எல்லாம் பணம் வாலட்டுக்கு வந்து சேரும் வரைதான். தங்கச்சிக்கு வேண்டியது வாலட்டில் இருக்கும் எண் இல்லை, அப்பாவின் பேங்க் கணக்கில் இருக்கும் ரூபாய். சிக்கலே அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. நான் பழைய பிலிம் கேமராக்களை வெளிநாட்டுக்கு விற்பவன், இந்தக் கேள்வி எனக்கும் அடிக்கடி வருகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் தளம். எந்தத் தளம் என்று நீங்கள் எழுதவில்லை. ஈபே போன்ற பெரிய தளங்களில் கிரிப்டோ அனுமதிக்கப்பட்ட பணம் செலுத்தும் முறையே இல்லை. அங்கே அறிமுகமான ஆளிடம் வெளியே முடித்துக்கொள்ளலாம் என்று பேசுவதும் விதிமீறல். தளத்தில் நடக்கும் செய்திப் பரிமாற்றத்தை அவர்களால் பார்க்க முடியும். கணக்கை நிறுத்தினால், வருஷக்கணக்காகச் சேர்த்த நல்ல மதிப்பீடுகள் எல்லாம் ஒரே நாளில் போய்விடும். 420 டாலருக்காக அதைப் பணயம் வைக்கக் கூடாது. சோத்பீஸ் கதை வேறு: அங்கே ஏலம் நடத்தும் நிறுவனமே முன்வந்து வாங்கியது, நடுவில் முறையான எக்ஸ்சேஞ்ச் இருந்தது. இங்கே நீங்கள் தனி ஆள்.

அடுத்து, ரூபாயாக மாற்றுவது. பலரும் நேரடியாக ஆளுக்கு ஆள் விற்கும் பி2பி வழியில்தான் போகிறார்கள், ரேட் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்று. என் மச்சான் ஒருவர், டிசைன் வேலை செய்பவர், அப்படி விற்றார். வாங்கியவன் யு.பி.ஐ.யில் பணம் போட்டான், எல்லாம் சுமுகமாக முடிந்தது. கொஞ்ச நாள் கழித்து வீட்டு வாடகை கட்டப் போனபோது கணக்கு முடங்கியிருந்தது. விசாரித்தால், அந்தப் பணம் வேறு மாநிலத்தில் ஒருவர் ஆன்லைன் மோசடியில் இழந்த பணம். அவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்து புகார் கொடுத்திருக்கிறார். பணம் எந்தெந்தக் கணக்கு வழியாகப் போனதோ அத்தனையையும் போலீஸ் வரிசையாக நிறுத்தச் சொல்லிவிட்டது. மச்சான் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் விசாரணை அதிகாரியிடமிருந்து ஆட்சேபனை இல்லை என்று கடிதம் வரும் வரை சம்பளப் பணத்தைக்கூடத் தொட முடியவில்லை. அந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். தங்கையின் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு வருத்தமாக இருந்தது. பி2பி பக்கம் தயவுசெய்து போகாதீர்கள்.

எஃப்.ஐ.யு.வில் (மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில்) பதிவான இந்திய எக்ஸ்சேஞ்ச் வழியாக விற்பது ஓரளவு பரவாயில்லை. 2023 மார்ச்சிலிருந்து அவர்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். அதனால் வெளி வாலட்டிலிருந்து பணம் வந்தால் எங்கிருந்து, எதற்காக என்று கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். அங்கேயே பணத்தை நெடுநாள் விட்டு வைப்பதும் சரியில்லை. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் 23 கோடி டாலருக்கு மேல் திருடு போனது எல்லோருக்கும் தெரிந்ததே.

கிரிப்டோவை யாரும் திரும்ப இழுக்க முடியாது என்றீர்கள். அனுப்பியவர் இழுக்க முடியாது, அது சரி. ஆனால் யு.எஸ்.டி.டி.யை வெளியிடும் டெதர் நிறுவனம் நினைத்தால் ஒரு முகவரியில் இருப்பதை அப்படியே உறைய வைக்க முடியும், பலமுறை செய்தும் இருக்கிறது. உங்களுக்கு அனுப்பியவரின் காசு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. ஜெர்மன்காரர் நல்லவராகவே இருக்கட்டும், அவருக்கு விற்றவர் யார்?

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. ஐரோப்பிய யூனியனுக்குள் 150 யூரோ வரை உள்ள பார்சலுக்கு, 2021 ஜூலையிலிருந்து பெரிய தளங்களே வாட் வரியை வாங்குபவரிடம் வசூலித்துவிடுகின்றன. பார்சல் சுங்கத்தில் சிக்காமல் போகும். நீங்கள் வெளியே முடித்து ஐந்தையும் ஒன்றாக அனுப்பினால் தொகை 150 யூரோவைத் தாண்டிவிடும். வரி எல்லாம் அங்கே அவர் தலையில் விழும், மேலே கையாளும் கட்டணமும் சேரும். மிச்சம் பிடிப்பதாக அவர் போட்ட கணக்கு அங்கேயே கரைந்துவிடும். இதை அவரிடம் எழுதிப் பாருங்கள், அவரே யோசிப்பார்.

கோஹினூர் விஷயத்தில் உங்கள் கோபம் முழுக்க நியாயம். ஆனால் அதற்கு மருந்து கிரிப்டோ இல்லை. நான் ஒவ்வொரு கேமராவையும் பொட்டலம் கட்டும்போது ஒரே ஓட்டமாக வீடியோ எடுக்கிறேன்: சீரியல் எண், ஷட்டர் ஓடும் சத்தம், பிறகு பெட்டிக்குள் வைத்து டேப் ஒட்டி முகவரி தெரிவது வரை, நடுவில் வெட்டு இல்லாமல். நீங்கள் பின்மூடியின் எண்ணையும், லூப்பில் டயலையும், திருகைச் சுழற்றிச் சாவி கொடுப்பதையும் எடுங்கள். டயல் மறுபெயின்ட் என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள், விவரத்தை எத்தனை பேர் படிக்கிறார்கள்? திரும்பி வரும் பார்சலைப் பிரிப்பதையும் வீடியோ எடுங்கள். இதெல்லாம் இருந்தால் புகார் வந்தாலும் நின்று பேச முடிகிறது.

மல்லேஸ்வரம் கணக்கு

வரி கேட்டிருந்தீர்கள். நான் சின்ன ஏற்றுமதியாளர்களுக்குக் கணக்கு எழுதுகிறேன்.

கிரிப்டோ வைத்திருப்பது குற்றமில்லை. பேங்குகள் அதில் ஈடுபடக் கூடாது என்ற ரிசர்வ் பேங்கின் 2018 சுற்றறிக்கையை 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் அது சட்டப்படியான நாணயமும் இல்லை.

வாட்ச்சுக்குப் பதிலாக வாங்கினால் இரண்டு கட்டமாக வரும். வந்த அன்றைய மதிப்பு உங்கள் வியாபார வரவு. உதாரணத்துக்கு 36,000 ரூபாய் என்று வைப்போம். பிறகு அதை 36,500க்கு விற்றால் 500 ரூபாய் லாபத்துக்கு 30 சதவீத வரி, மேலே செஸ். 35,500க்கு விற்றால் அந்த 500 நஷ்டத்தைக் கடை வருமானத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் கொண்டு போக முடியாது. இது 2022 ஏப்ரலிலிருந்து. 2022 ஜூலையிலிருந்து விற்கும் மொத்தத் தொகையில் 1 சதவீத டி.டி.எஸ். வேறு. எளிய படிவத்தில் ரிட்டர்ன் போடுபவராக இருந்தால் அது இனி போதாது, கிரிப்டோவுக்குத் தனி அட்டவணை உள்ள படிவத்துக்கு மாற வேண்டும்.

இவ்வளவையும் சமாளித்துவிடலாம். எனக்குக் கவலை அந்நியச் செலாவணிச் சட்டம். பொருள் இந்த நாட்டை விட்டு வெளியே போனால், அதன் முழு விலையும் பேங்க் வழியாக உள்ளே வர வேண்டும். நீங்கள் தபாலில் ஏற்றுமதிப் படிவம் போட்டு 420 டாலர் என்று எழுதி அனுப்புகிறீர்கள். அந்தப் படிவத்துக்கு எதிராக வெளிநாட்டுப் பணம் வந்த சான்று எங்கே என்று கேட்டால், வாலட் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி முடிக்க முடியாது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்த ரூபாய் உள்நாட்டு வரவாகத்தான் தெரியும். மறைக்கலாம் என்று பரிசுப் பொருள் என எழுதி அனுப்புவது இன்னும் பெரிய தப்பு. அப்படி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தளத்தின் வழியாகவோ பேங்க் வழியாகவோ வந்த பணத்துக்குச் சான்று கிடைக்கிறது, அதைக் கோப்பில் வையுங்கள், போதும்.

கோரமங்களா டெவ்

ஏற்றுமதிச் சான்று பற்றி மேடம் சொன்னது எனக்குப் புதுசு. மென்பொருள் வேலைக்குக் கிரிப்டோவில் வாங்கும் நண்பர்களுக்கும் இதை அனுப்புகிறேன். தொழில்நுட்பத்தின் மேல் என் நம்பிக்கை அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அக்காவின் நிலைமையில் வேண்டாம் என்றே நானும் சொல்வேன்.

அல்சூர் ஜனதா

அண்ணா, மேடம், தம்பி, மூவருக்கும் நன்றி. அவருக்கு எழுதிவிட்டேன். கிரிப்டோ வேண்டாம், தளத்திலேயே ஐந்தையும் தனித்தனியாகப் போட்டு விலையைக் கொஞ்சம் குறைக்கிறேன், ஒவ்வொன்றும் 150 யூரோவுக்குள் வரும் என்று சொன்னேன். இரண்டு பைலட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்கிறார். அப்பாவுக்கும் அதுவே நிம்மதி.

இன்னொரு சந்தேகம். அப்பாவிடம் அவருடைய தாத்தா காலத்து ஸ்விஸ் பாக்கெட் வாட்ச் ஒன்று இருக்கிறது, வெள்ளி மூடி. அதையும் போடலாமா?

சிவாஜிநகர் கேமரா

அதைப் பற்றி இப்போதைக்கு ஒரு விளம்பரமும் போடாதீர்கள். எச்.எம்.டி.க்குப் பிரச்சினை இல்லை, அவர்கள் வாட்ச் செய்யத் தொடங்கியதே 1961இல்தான். பாக்கெட் வாட்ச் நூறு வருடத்தைத் தாண்டியிருந்தால் 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம் குறுக்கே வரலாம், தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெள்ளி முத்திரையும் ஒரு எண்ணும் இருக்கும், அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். அதை வைத்து வயது தெரிந்துவிடும். நூறுக்குக் குறைவு என்று தெரிந்தாலும், தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிய பிறகே அனுப்புங்கள். முத்திரையின் படத்தை இங்கே போட்டால் நானும் பார்க்கிறேன்.