மேசை இழுப்பறையில் காய்ந்து கிடந்த மை

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், விஸ்கான்சின் எல்லையை ஒட்டிய ஊரில் வசிக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக வார இறுதிகளில் ‘எஸ்டேட் சேல்’ எனப்படும் வீட்டு விற்பனைகளுக்குப் போய்ப் பழைய மைப்பேனாக்களைத் தேடி வருகிறேன். வீட்டுக்காரர் காலமான பிறகோ, முதியோர் இல்லத்துக்குக் குடிபெயர்ந்த பிறகோ, அவர் வாழ்ந்த வீட்டையே இரண்டு மூன்று நாள்கள் திறந்துவைத்து, கட்டில் முதல் கரண்டி வரை எல்லாவற்றையும் விலைச்சீட்டு ஒட்டி விற்பார்கள். நம் ஊரில் பெரியவர் ஒருவர் மறைந்தால் அவருடைய மூக்குக்கண்ணாடியையும் கைக்கடிகாரத்தையும் பேனாவையும் பிள்ளைகளில் ஒருவர் எடுத்து வைத்துக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், முதல் முறை அப்படியொரு வீட்டுப் படுக்கையறைக்குள் நுழைந்தபோது எனக்குக் கால் கூசியது. அந்தக் கூச்சம் இன்றும் முழுதாகப் போய்விடவில்லை. போகவும் வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

பேனா தேடுபவருக்கு இந்தப் பகுதி வாய்த்த இடம். தந்தித் தொழில் கற்பித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் பார்க்கர், மாணவர்களுக்குத் தான் விற்ற பேனாக்கள் ஒழுகியதால் அவற்றைப் பழுதுபார்க்கத் தொடங்கி, 1888இல் தமது பேனா நிறுவனத்தை நிறுவியது எங்களுக்கு முக்கால் மணி நேரப் பயணத்தில், விஸ்கான்சினில் இருக்கும் ஜேன்ஸ்வில்லில்தான். அந்த ஆலை இப்போது இல்லை. ஆனால் அங்கு வேலை பார்த்தவர்களின் வீடுகள் இருக்கின்றன; அந்த வீடுகளின் இழுப்பறைகளும் இருக்கின்றன.

விற்பனையை நடத்துபவர்கள் முன்கூட்டியே படங்களை வெளியிடுவார்கள். அந்தப் படங்களைப் பெரிதாக்கி, மேசையின் மூலையில் மைக்கூடோ பேனாத் தாங்கியோ தெரிகிறதா என்று பார்த்துத்தான் எந்த வீட்டுக்குப் போவது என்று முடிவு செய்வேன். முதல் நாள் விடிவதற்குள்ளேயே வாசலில் ஒரு தாளில் பெயரெழுதி வரிசை எண் வாங்குவோரும் உண்டு. பொதுவாக முதல் நாள் முழு விலை, அடுத்த நாள் ஓரளவு தள்ளுபடி, கடைசி நாள் பாதி விலை என்பதால், புதிதாக வருபவர்கள் கடைசி நாள் வரை பொறுத்திருக்கலாமே என்று நினைப்பது இயல்பு. பேனாவைப் பொறுத்தவரை அது பெரும் பிழை என்பதை நான் நொந்துபோய்க் கற்றுக்கொண்டேன். ஒரு விற்பனையில் மூன்றாம் நாள் மதியம் ஓர் அட்டைப் பெட்டியில் ஏழு பேனாக்களைக் கண்டு ஓடினேன். ஏழிலும் நிப் இல்லை. பதினான்கு காரட் தங்க நிப்புகளை மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்று முதல் நாள் வந்தவர் கேட்டிருக்கிறார், நடத்தியவர்களும் பிடுங்கிக்கொள்ள விட்டிருக்கிறார்கள். உருக்கினால் ஒவ்வொன்றும் குன்றிமணி அளவுத் தங்கம் தரும், அவ்வளவுதான். எழுபது ஆண்டுகள் எழுதிய பொருளை அதற்காக ஊனமாக்குவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எங்கே தேட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பணம் செலுத்தும் மேசைக்கருகில் கண்ணாடிப் பெட்டியில் நகைகளோடு வைத்திருக்கும் பேனா பெரும்பாலும் பரிசாக வந்து பயன்படாமலே கிடந்ததாக இருக்கும். அந்த வீட்டில் இருந்தவர் அன்றாடம் எழுதிய பேனா, தொலைபேசிக்கு அருகிலோ, சமையல் குறிப்பு அட்டைகள் உள்ள தகரப் பெட்டியிலோ, தையல் இயந்திரத்தின் இழுப்பறையிலோதான் இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், அக்டோபர் மாதச் சனிக்கிழமை ஒன்றில், ஜேன்ஸ்வில்லில் ஒரு பழைய மரவீட்டுக்குப் போனேன். விற்பனையின் இரண்டாம் நாள். கண்ணாடிப் பெட்டியில் பேனா எதுவும் இல்லை. மாடியறை மேசையின் இழுப்பறையை முழுதாக வெளியே இழுத்தபோது, பின்பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு சிக்கியிருந்தது. அதற்குள் கருஞ்சிவப்பு உடலும் பொன்முலாம் மூடியும் கொண்ட பார்க்கர் 51 இருந்தது. முன்தினம் வந்தவர்கள் அந்தக் கூட்டைத் திறந்தே பார்த்திருந்தாலும் இது தப்பியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1941இல் 12.50 டாலர் விலையில் விற்பனைக்கு வந்த இந்தப் பேனாவின் தங்க நிப், உறைக்குள் மறைந்து, நுனி மட்டும் கொக்கின் அலகைப் போல வெளியே தெரியும்படி அமைக்கப்பட்டது. மை விரைவில் காய்ந்துவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. தங்கம் தேடும் கண்ணுக்கு இது ஒரு சாதாரணப் பந்துமுனைப் பேனாவாகவே படும்.

பின்முனை மூடியைத் திருகிப் பார்த்தேன். அமுக்கி மை ஏற்றும் தண்டு உள்ளே இருந்தது. 1948க்கு முந்தைய வகை. உடலில் பொறித்திருந்த எழுத்துகளுக்குப் பக்கத்தில் 6 என்ற இலக்கம், ஆண்டின் கடைசி எண், அதாவது 1946. அதற்கு மேலே ஒரு பெண்ணின் பெயர் செதுக்கப்பட்டிருந்தது. பெயர் செதுக்கிய பேனாவுக்கு வியாபாரிகள் விலையைக் குறைப்பார்கள். நான் அதையே விரும்பித் தேடுகிறேன்.

இத்தகைய விற்பனைகளில் குடும்பத்தினர் பொதுவாக அருகில் இருப்பதில்லை. அன்று ஏதோ காகிதங்களை எடுத்துப்போக வந்திருந்த எழுபது வயதுப் பெண்மணி ஒருவர் கூடத்தில் நின்றிருந்தார். பெயரைக் காட்டியவுடன், “என் அம்மா” என்றார். அவருடைய தாய் ஆலையில் பேனா மூடிகள் பொருத்தும் பிரிவில் வேலை பார்த்தவராம். பேனாவை அவரிடமே கொடுத்துவிட முயன்றேன். கையில் வாங்கி, உடலைக் கட்டைவிரலால் இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டு, “எங்கள் வீட்டில் இனி இதனால் எழுதுபவர் யாருமில்லை, நீங்கள் இதைச் சரிசெய்து முதல் கடிதத்தை எனக்கு எழுதுங்கள்” என்று முகவரி தந்தார். நான் பதினைந்து டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து முன்பகுதியைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்தேன். வெந்நீர் ஒருபோதும் கூடாது. காலையில் பார்த்தபோது, கண்ணாடித் தம்ளரின் அடியில் மயில்கழுத்து நிறத்தில் மை இறங்கியிருந்தது. அந்தத் தாய் கடைசியாக நிரப்பிய மை அது. உள்ளே மையை உறிஞ்சும் ரப்பர் சவ்வு கடினமாகி நொறுங்கியிருந்தது; இதற்கென்றே உள்ள திருகியைக் கொண்டு தண்டைக் கழற்றிப் புதுச் சவ்வு மாற்ற இரண்டு வாரங்கள் பிடித்தன. உடல் லூசைட் எனும் அக்ரிலிக்கால் ஆனது என்பதால், அதே காலத்துச் செல்லுலாய்டு பேனாக்களைப் போல நிறம் மங்கவோ சுருங்கவோ இல்லை.

எழுதத் தொடங்கியபோது நிப் தாளைக் கீறியது. பேனாவை இரவல் கொடுக்காதே, நிப் அடுத்தவர் கைக்குப் பழகிவிடும் என்று பள்ளியில் எங்கள் ஆசிரியர் கண்டிப்பார். அது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. பேனாவை இடப்பக்கமாகச் சிறிது சாய்த்துப் பிடித்தேன், மை வழுக்கிக்கொண்டு இறங்கியது. கடிதத்தை அப்படியே எழுதி அனுப்பினேன். மூன்று வாரங்களில் வந்த பதிலுறையில், அவருடைய தாய் எழுதிய ஆப்பிள் பணியாரக் குறிப்பு அட்டை ஒன்று இருந்தது. மயில்கழுத்து நிற மை, சாய்ந்த எழுத்து. நிப்பைத் தேய்த்துச் சமமாக்கிவிடலாம் என்று பேனா நண்பர்கள் சொன்னார்கள். நான் தேய்க்கவில்லை, அந்தப் பேனாவை எடுக்கும்போதெல்லாம் என் கையைத்தான் திருப்பிக்கொள்கிறேன்.

மறுமொழி: நியூ ஜெர்சியிலிருந்து

தங்கள் பகிர்வைப் படித்ததும் என் அனுபவத்தையும் எழுதத் தோன்றியது. எங்கள் மாநிலத்தின் கேம்டன் நகரம் அந்நாளில் எஸ்டர்புரூக் பேனாக்கள் தயாரான ஊர். அவை விலை மலிவானவை. ஆனால் நிப்பைத் திருகிக் கழற்றி வேறொன்றைப் பொருத்திக்கொள்ளலாம், ஒவ்வொரு நிப்பிலும் அதன் தன்மையைக் காட்டும் எண் பொறித்திருக்கும். சென்ற வசந்தத்தில் ஒரு வீட்டின் நிலவறையில், ‘பலவகைத் திருகாணிகள்’ என்று சீட்டு ஒட்டிய சுருட்டுப் பெட்டியை மூன்று டாலருக்கு வாங்கினேன். திருகாணிகளுக்கு நடுவே பதினொரு நிப்புகள் கிடந்தன. ஆறில் 1555 என்ற எண் இருந்தது. கிரெக் என்னும் சுருக்கெழுத்து முறைக்காகச் செய்த நிப் அது. அங்கு வாழ்ந்தவர் சுருக்கெழுத்தாளர் என்பதை அந்த எண்ணே எனக்குச் சொல்லியது. அடுத்த அலமாரியில் அவருடைய குறிப்பேடுகளும் இருந்தன, ஒன்றைக்கூட யாரும் வாங்கவில்லை. நான் ஒன்றை வாங்கினேன்.

மதுரையிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்த என் தாயார், 1970களில் பிட்மன் சுருக்கெழுத்தில் ஹையர் எனும் மேல்நிலைத் தேர்வில் தேறியவர். குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது எனக்குத் தெரியாத எழுத்து” என்றார். பிட்மன் முறையில் கோட்டின் தடிமனும் மென்மையும் வெவ்வேறு ஒலிகளைக் குறிக்கும். 1888இல் கிரெக் வெளியிட்ட முறையில் தடிமனுக்கு வேலையில்லை, கோட்டின் நீளமே ஒலியை வேறுபடுத்தும். அதனால்தான் 1555 சற்றும் வளையாத உறுதியான நிப். அம்மா அதை வைத்து எழுதிப் பார்த்தபோது எல்லாக் கோடுகளும் ஒரே அளவில் விழுந்தன. “இதில் P எது, B எது என்றே தெரியாது” என்று கீழே வைத்துவிட்டார்.

பெட்டியில் இருந்த பதினொன்றில் ஒன்று 9128. மிக மெல்லியது, அழுத்தினால் நன்றாக விரிந்து கொடுப்பது. அதைப் பொருத்தி மை நிரப்பிக் கொடுத்தேன். சமையலறை மேசையில் உட்கார்ந்து, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு வரியை நிறுத்தாமல் எழுதினார். தடித்த கோடும் மெல்லிய கோடும் முறையாக மாறி மாறி விழுந்தன. என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.

“அன்புடையீர், தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம்” என்றார்.