வீட்லயே குவில்ட் (துண்டுத்துணி சேத்துத் தைக்கற போர்வை) தச்சவங்க வாங்க, மறக்க முடியாத சம்பவம் ஒண்ணு சொல்லுங்க

அழகாபுரம் அம்மா:
நானே ஆரம்பிச்சுடறேன், ஒரு மாசமா உறுத்திக்கிட்டே இருக்கு. எங்கம்மாவோட பழைய காட்டன் புடவை அஞ்சு, 6 இஞ்ச் சதுரமா 56 துண்டு, நடுவுல மெத்துனு ஃபைபர் பஞ்சு ஷீட், அடியில பெட்ஷீட், எல்லாம் வீடியோ பாத்து பாத்துதான். பாப்பா பொறந்தநாளுக்குள்ள முடிக்கணும்னு ராத்திரி 12 மணி வரைக்கும் மிஷின்ல உக்காந்தேன். முடிச்ச ஜோர்ல கீழ்வீட்டு பாட்டிகிட்ட கொண்டுபோனேன், அவங்க சேலம் அம்மாபேட்டைல தறிவீட்ல பொறந்தவங்க, தொட்டுப் பாத்தே நூல் எவ்ளோ மெல்லிசு, 60ஆம் நம்பரா 80ஆம் நம்பரான்னு சொல்லிடுவாங்க. முன்பக்கத்தப் பாக்கவே இல்லங்க. திருப்பிப் போட்டாங்க. ஓரத்துல கட்டைவிரல வச்சு நீவிக்கிட்டே போனாங்க, ஒரு மூலைகிட்ட கை நின்னுடுச்சு. பைப்பிங் (ஓரப்பட்டி) மடிப்புக்குள்ள நகத்த விட்டு ஒரு ஊக்க வெளிய எடுத்தாங்க. தொறந்திருந்த ஊக்கு. அத மூடி அவங்க வளையல்ல கோத்துக்கிட்டு, "பாப்பா போத்திக்கறதா கண்ணு?"ன்னு மட்டும் கேட்டாங்க. திட்டியிருந்தாக்கூட பரவால்ல.

குகைக்காரி:
ஐயோ படிக்கும்போதே பக்குனு ஆயிடுச்சு. என் கதை சாயம். மேல அரக்குக் கலர் புடவை, அடியில மெத்துனு இருக்கட்டும்னு வீட்டுக்காரரோட வெள்ளை வேட்டி. தச்சு முடிச்சு ஒரே ஒரு அலசு, அதுவும் கல்லுப்பு போட்டு ஊறவச்சுதான், அப்படியும் வேட்டி பூரா ரோஸ் ரோஸா திட்டு. மாமியார் ஒரு வார்த்த பேசல. என் கையில இருந்து வாங்கிட்டுப் போயி வாசல் கொடியில, திட்டு தெருவப் பாக்கற மாதிரி காயப்போட்டாங்க. பால்காரர் வரைக்கும் என்னம்மா இதுன்னு கேட்டாச்சு.

செவ்வாய்ப்பேட்டை டெய்லர்:
குகைக்காரம்மா, கல்லுப்புல சாயம் நிக்கும்னு உங்களுக்கு யாரு சொன்னது? உப்புக்கு வேலை சாயப்பட்டறைத் தொட்டியில, நூலு சாயத்த இழுக்கறப்ப. கட்டிப் பழசான புடவைல போட்டு என்ன ஆகப் போவுது. வெட்டறதுக்கு முன்னாடியே ஒரு மூலைய நனைச்சு வெள்ளத் துணிய வச்சு அழுத்திப் பாருங்க, ஒட்டுச்சுன்னா தனியா அலசுங்க, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும். அப்பவும் விட்டா அந்தப் புடவைய எடுத்து ஓரம் வைங்க. சாயம் ஏறிப்போச்சா, இஸ்திரி மட்டும் போட்றாதீங்க, காயறதுக்குள்ள மறுபடி சோப்புத்தண்ணில போடுங்க. புதுத்துணின்னா கண்டிப்பா துவைச்சுட்டுதான் வெட்டணும், காட்டன் சுருங்கும், பாலியஸ்டர் சுருங்காது, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல தச்சா அப்பளம் மாதிரி வளைஞ்சுக்கும். அப்புறம் அழகாபுரம் அம்மாவுக்கு, 6 இஞ்ச் வெட்டினா ரெண்டு பக்கமும் கால் கால் இஞ்ச் தையலுக்குப் போயி அஞ்சரைதான் நிக்கும், நிறையபேரு இத விட்டுட்டு அடித்துணி மிச்சமாயிடுச்சேன்னு முழிக்கறாங்க. மூணு அடுக்கையும் சேத்துத் தைக்கறப்ப நடுவுல ஆரம்பிச்சு வெளிய வாங்க, ஓரத்துல ஆரம்பிச்சா நடுவுல துணி உப்பிக்கும். உள்ள உதிரிப் பஞ்சு வேணாம், துவைச்சா ஒரு பக்கமா கூடிக்கும். அடுக்கு நகராம இருக்க ஊக்கு குத்தினா எண்ணிக் குத்தி எண்ணி எடுக்கணும். என் சம்பவம் கேட்டீங்கன்னா, கஸ்டமர் குடுத்த பட்டுத்துண்டுன்னு நெனச்சு பாலியஸ்டர் மேல சூடா இஸ்திரிப் பொட்டிய வச்சேன், பொட்டி அச்சுலயே ஓட்டை. அவ்ளோதான்.

ஏற்காட்டுப் பனி:
டெய்லரண்ணே, அந்த உதிரிப் பஞ்சு மேட்டர நாலு மாசம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா. பழைய தலகாணிய பிரிச்சு அந்தப் பஞ்சத்தான் நான் போட்டேன், தையலும் ஒரு முழத்துக்கு ஒண்ணுதான். குளிருக்கு சூப்பரா இருந்துச்சு, மொத துவைச்சல் வரைக்கும். மொத்தமும் ஒரு மூலைல போய் உருண்டு, நானும் எங்கண்ணனும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சுத் தூக்கினோம், நனைஞ்ச எருமக்கன்னு மாதிரி இருந்துச்சு. இங்க நவம்பர்ல பனிமூட்டத்துல எங்க காயறது, நாலாவது நாளு நாத்தம் புடிச்சுடுச்சு. கடைசில பைக்ல பின்னாடி கட்டி 20 கொண்டை ஊசி வளைவும் இறக்கி, அஸ்தம்பட்டில அக்கா வீட்டு மொட்டமாடில போட்டேன். வழியெல்லாம் தண்ணி என் முதுகுலயே ஒழுகுச்சு, ஒரு வளைவுல பின்னாடி வந்த பஸ்காரரு ஹாரன் அடிச்சு "ஏம்பா ஏதோ ஒழுகுது"ங்கறாரு. அக்கா வீட்ல மத்தியானம் 2 மணிக்கெல்லாம் மொறுமொறுன்னு காஞ்சுது. உருண்டைய மட்டும் ஒண்ணும் பண்ண முடியல, இப்ப நாய் படுத்துக்குது.

குகைக்காரி:
டெய்லர் சார், உப்பு போட்டா நிக்கும்னு நான் எங்க எழுதினேன், போட்டும் நிக்கலன்னுதான எழுதினேன். மேல போய் படிங்க.

செவ்வாய்ப்பேட்டை டெய்லர்:
சரிங்கம்மா. வேட்டி கதை என்னாச்சு, சாயம் போச்சா?

குகைக்காரி:
போகல. வீட்டுக்காரர் அதத்தான் தெனம் போத்திக்கறாரு, மாமியாருக்கு முன்னாடி வேணும்னே.

அழகாபுரம் அம்மா:
ஊக்கு எண்ணலன்னு யாரு சொன்னது, குத்தறப்ப எண்ணித்தான் குத்தினேன், 60. எடுக்கறப்ப பாப்பா எழுந்து அழுதுட்டா, அப்படியே டப்பால கொட்டிட்டேன். அதுக்கப்புறம் அந்த டப்பாவ எத்தனை தடவ எண்ணியிருப்பேன்னு தெரியல, 59தான் வருது. நேத்து காய்கறி வண்டிகிட்ட பாட்டி தக்காளி பொறுக்கிட்டு இருந்தாங்க, வளையல்ல மூணு ஊக்கு தொங்குது. அதுல என்னோடது எதுன்னு தெரியல, கேக்கவும் வாய் வரல.